எட்டுப் பாட்டும் ஒரு மங்களமும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியோ அங்கே வந்து நிற்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, முதல் பத்து விநாடி பிடிக்காவிட்டால் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள், நாமெல்லாம் ஒரு ஆல்பத்தை எடுத்தால் முதலிலிருந்து கடைசி வரை அசையாமல் கேட்டவர்கள் என்று மார் தட்டிக்கொள்கிறோம். நானும் தட்டியிருக்கிறேன். போன மாதம்கூட ஒரு கல்யாண வரவேற்பில், சர்க்கரைக்குப் பயந்து பாதி குலாப் ஜாமூனை ஓரம் கட்டிவிட்டு, ஹெவி மெட்டலை ஒற்றைப் பாட்டாகப் பொறுக்கிக் கேட்பது பாவம் என்று ஒரு இளைஞனிடம் கால் மணி நேரம் பேசினேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. நான் முழு ஆல்பம் கேட்கக் கற்றுக்கொண்ட கதையை உள்ளபடி சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்திருப்பான். உங்களிடம் சொல்லலாம். நீங்களும் அந்த நாளில் ஏதாவது அசட்டுத்தனம் பண்ணியிருப்பீர்கள்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், முதல் மாடியில் எங்கள் வீடு. அப்பாவுக்கு வங்கியில் வேலை. அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் ஒரே பெண். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை, ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன்.

அப்பாவுக்கு உலகத்தில் இரண்டே விஷயங்கள், வங்கியும் கச்சேரியும். பாட வராது, வாத்தியம் எதுவும் தெரியாது. ஆனால் கேட்பார். கேட்பதை ஒரு உத்தியோகம் மாதிரிச் செய்வார். நடுவில் எழுந்து போகிறவர்களைத் திரும்பிப் பார்த்து முறைப்பார். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனைப் பார்த்து ஓடும் கூட்டத்தை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. மங்களம் பாடி முடித்து வித்வான் மைக்கை நகர்த்திய பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அதற்குள் கடைசி பஸ் போயிருந்தால் நடந்து வருவார்.

என்னோடு அவர் அதிகம் பேசியதில்லை. கோபம் என்று இல்லை. வளர்ந்த பெண்ணிடம் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மார்க் எவ்வளவு, சாப்பிட்டாச்சா, இந்த இரண்டு கேள்வியோடு பல நாட்கள் முடிந்துவிடும்.

எனக்கு மெட்டலைப் பழக்கியது தி.நகர் சிநேகிதி. அவளுடைய அப்பா தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்தவர். ஹாஸ்டலில் படித்த அவள் அண்ணன் லீவுக்குக் கொண்டுவரும் கேசட்டுகளை அவள் திருட்டுத்தனமாகக் கேட்பாள், பிறகு எனக்கும் கேட்கக் கொடுப்பாள். அவளிடம் ஒரு கேசட் இருந்தது, பன்னிரண்டு ஆல்பங்களிலிருந்து பன்னிரண்டு பாட்டு, எல்லாமே தலைதெறிக்கும் வேகம். மெதுவான பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. கட்டில் மேல் நின்றுகொண்டு, நனைந்த தலைமுடியை முன்னும் பின்னும் வீசி அவள் ஆடுவதைப் பார்த்தால் எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஷாம்பூ வாசனையும் சுவரில் தெறிக்கும் தண்ணீரும் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு நாள் அவள் ஒரு பாட்டைப் பாதி மட்டும் பாடிக் காட்டினாள். அவள் அண்ணன் வைத்திருந்த கேசட் நாடா சிக்கி அறுந்துபோயிருந்தது. அந்தப் பாட்டைத் தேடித்தான் நான் ஆழ்வார்பேட்டை ரெக்கார்டிங் கடைக்குப் போனேன்.

அந்தக் கடைகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பட்டியல் எழுதிக் கொடுத்தால் நாலைந்து நாளில் வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். இந்தக் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. குனிந்துதான் உள்ளே போகவேண்டும். ஸ்பிரிட் வாசனையும் சூடான மெஷின் வாசனையும் கலந்து அடிக்கும். கடைக்காரர் நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிறவர், அப்பா வயது இருக்கும், தமிழ்ப் பாட்டு, இந்திப் பாட்டு, சுப்ரபாதம், மெட்டல் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு பதிந்து கொடுப்பார். நான் அந்தப் பாட்டைச் சொன்னேன். அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். பனியில் தனியாகக் கிடக்கும் ஒரு கறுப்பு நாற்காலிதான் அட்டைப் படம்.

"இதுல ரெண்டாவது பாட்டு. மிச்சத்துக்கு இன்னா போடறது? லிஸ்ட் குடு."

என்னிடம் லிஸ்ட் இல்லை. எனக்குத் தெரிந்ததே அந்த ஒரு பாட்டுதான். "அதையே முழுசாப் போட்டுடுங்க," என்றேன்.

"முழுசாவா? ஒரு பாட்டு வுடாமயா?" என்று அவர் ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் முழு ஆல்பக் கொள்கை பிறந்த கதை இவ்வளவுதான்.

கேசட் வந்தது. அட்டை கிடையாது, பாட்டுப் பெயர் கிடையாது, வெள்ளைத்தாளில் அவர் கையெழுத்தில் குழுவின் பெயர் மட்டும். அறுபது நிமிட நாடா. அம்மா பூவேலை செய்த துணி போர்த்திய எங்கள் டூ இன் ஒன்னில் போட்டு, அப்பா வங்கிக்கும் அம்மா விடைத்தாள் திருத்தவும் போயிருக்கும் மதியங்களில் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதில் பாதி பிடிக்கவில்லை. ரெண்டாவது பாட்டை ஓடவிட்டு, ரிவைண்ட் செய்து, மறுபடி ஓடவிடுவேன். அஞ்சாவது பாட்டு மகா இழுவை, கால் தடுக்கி நடக்கிற ஆள் மாதிரி ஒரு தாளம். அதைத் தாண்டித் தாண்டித்தான் போவேன். ஆனால் கடைசியில் ஒரு அதிசயம் இருந்தது. எட்டாவது பாட்டு கத்திக் கத்தி உச்சத்துக்குப் போய், வெட்டினாற்போல் நிற்கும். மூன்று விநாடி மௌனம். அப்புறம் ஒன்பதாவதாக ஒரு வீணை.

வீணை என்றால் வீணையேதான். மூன்று நிமிடம். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் நம் வாத்தியங்களைச் சேர்த்துக்கொள்வதைப் பற்றி எங்கோ படித்திருந்தேன். இவர்களும் சேர்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அப்பா வங்கியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். எட்டாவது பாட்டு உச்சத்தில் இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரை யார் அடிக்கறா? என்னடி இது, ஆத்துலயா இந்தச் சத்தம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்விட்சில் கை வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பாட்டு வெட்டி நின்றது. மௌனம். வீணை ஆரம்பித்தது. அப்பாவின் கை ஸ்விட்சிலேயே இருந்தது, அழுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"மத்யமாவதி," என்றார். கச்சேரியை மங்களமாக முடிக்கும்போது வாசிக்கிற ராகம் அது. "யாரு வாசிக்கறா?"

"அவாதான்ப்பா. இதுவரைக்கும் பாடினாளே, அவா."

"கத்தினாளே, அவாளா?"

"ஆமாம்ப்பா. கடைசிப் பாட்டு எப்பவும் இதுதான்."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி போடச் சொன்னார். நான் வீணையை மட்டும் போடப் போனேன். தடுத்தார். "மங்களத்தை மட்டும் தனியாக் கேக்கப்படாது. இவ்ளோ லட்சணமா முடிக்கத் தெரிஞ்சவன் முன்னாடியும் ஏதோ பண்ணியிருக்கணும். நமக்குத்தான் புரியலை. ஞாயித்துக்கிழமை காப்பிக்கு அப்புறம் முதல்லேர்ந்து வை. நடுவுல நிறுத்தறது, தாண்டறது எதுவும் கூடாது. கேக்கறதானா முழுசாக் கேளு, இல்லேன்னா ஆத்துல இது வேண்டாம்."

அந்த ஞாயிறு நாலு மணிக்கு அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கச்சேரிக்குப் போடுகிற அதே வெள்ளைச் சட்டை. அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மிக்ஸியை ஓடவிட்டாள். முதல் பாட்டு முழுக்க அப்பா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ரெண்டாவது பாட்டில் நான் தலையை ஆட்டப் போய், அவர் இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். நாலாவது பாட்டில் டிரம்ஸ்காரர் தனியாக இரண்டு நிமிடம் வாசிப்பார். அம்மா கதவைத் திறந்து, "ஏன்னா, தனி ஆரம்பிச்சாச்சு போலருக்கே, காப்பி கலக்கட்டுமா?" என்று கேட்டாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்து முறைத்தார். மெட்டலுக்காக அப்பா முறைத்ததை நான் அன்று முதல் தடவையாகப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்ததும். கேசட்டின் முதல் பக்கம் முடிந்து நாடா வெறுமனே ஓடுகிற நாலு நிமிடத்தை அவர் இடைவேளை என்று சொல்லுவார். அப்போது இரண்டாம் காப்பி. நாங்கள் பேச ஆரம்பித்தது அந்த நாலு நிமிடத்தில்தான். பாடுகிறவனுக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு, மிளகுக் கஷாயம் கொடுக்கவேண்டும் என்பார். குளிர்ப் பிரதேசம், உடம்பைச் சூடாக்க வேகமாக வாசிக்கிறார்கள் என்பார். வீணை வாசிப்பவன் நிச்சயம் மயிலாப்பூரில் வந்து தங்கிக் கற்றுக்கொண்டு போனவன் என்று முடிவு கட்டினார். சில வருஷத்துக்கு முன் டிசம்பர் கச்சேரியில் வேட்டி கட்டி உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்திருக்கிறாராம். "அவனாத்தான் இருக்கும். வேட்டி இடுப்புல நிக்கலை, ஆனா தாளம் நின்னுது."

மூன்றாவதோ நாலாவதோ வாரம், என் அஞ்சாவது பாட்டு வந்தபோது அப்பா தொடையில் தட்ட ஆரம்பித்தார். தப்பாகத் தட்டினார், நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார். பாட்டு முடிகிற சமயத்தில் முகம் மலர்ந்துவிட்டது. "ஏழுடி இது. மூணும் நாலும். மிஸ்ர சாபு போடறான். அதான் உனக்குக் கால் தடுக்கறது." என் கையைப் பிடித்து அவர் தொடையில் வைத்துத் தட்டிக் காட்டினார். நாலைந்து வயதுக்கு அப்புறம் அப்பா என் கையைப் பிடித்தது அன்றுதான். அன்றைக்கு அஞ்சாவது பாட்டு எனக்கு இழுவையாக இல்லை. நானாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தப் பாட்டை ஒருநாளும் தொட்டிருக்க மாட்டேன்.

சிநேகிதியிடம் இதையெல்லாம் அளந்தேன். முழுசாகக் கேட்காதவள் ரசிகையே இல்லை என்றேன்.

"போடி," என்றாள். "ஒரு ஆல்பத்துல பாதி சும்மா ரொப்பறதுக்குப் போட்டது. பொறுக்கித்தான் எடுக்கணும். எங்க கடைக்கு வர்றவங்க புடவைய பீரோவோட சேத்தா எடுத்துட்டுப் போறாங்க?"

"கச்சேரியில பாதியில எழுந்து போனா எப்படி?"

"எங்க வீட்ல கச்சேரிக்கே போறதில்ல. நாங்க நிம்மதியாத்தானே இருக்கோம்."

வீணையைப் பற்றிச் சொல்லி அவள் வாயை அடைத்தேன். பொறுக்கி எடுத்திருந்தால் அந்த வீணை கிடைத்திருக்குமா என்று கேட்டேன்.

இதற்குள் அப்பா சும்மா இருக்கவில்லை. அவருடைய சிநேகிதர்கள் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஒரு மாடி ஹாலில் கூடுவார்கள். ஒருவர் சங்கீதத்தைப் பற்றிப் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு சுண்டல். அந்தக் குழுவின் காரியதரிசி ரயில்வேயில் இருந்தவர். அவரிடம் அப்பா பெருமையாக விஷயத்தைச் சொல்லப்போக, அவர் அடுத்த கூட்டத்துக்கு அப்பாவையே பேசச் சொல்லிவிட்டார். மேல்நாட்டுக் குழுவின் இசையில் மத்யமாவதி, இதுதான் தலைப்பு. கேசட்டையும் போட்டுக் காட்டவேண்டும். அப்பா வாழ்நாளில் மேடையில் நின்று நாலு வார்த்தை பேசியதில்லை. வங்கிப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சிநேகிதி வந்தாள். சிங்கப்பூரிலிருந்து வந்த அவள் சித்தப்பா ஒரு புதுக் கேசட் வாங்கி வந்திருந்தார். கறுப்பு நாற்காலி அட்டை. உள்ளே மடித்த காகிதத்தில் எல்லாப் பாட்டின் பெயரும் அச்சாகியிருந்தது.

"எண்ணிப் பாரு," என்றாள். குரலில் கேலி இல்லை.

எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டுதான். கேசட்டைப் போட்டோம். எட்டாவது பாட்டு வெட்டி நின்றது. மூன்று விநாடி ஆயிற்று, பத்து ஆயிற்று, வெறும் இரைச்சல். சிங்கப்பூரில் வேற மாதிரிப் போட்டிருப்பார்கள் என்றேன். அவள் என் கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். இருவரும் பஸ் பிடித்து ஆழ்வார்பேட்டைக்குப் போனோம்.

கடைக்காரர் என் கேசட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா, டேப்பு மாட்டிக்கிச்சா?"

"கடைசியில ஒரு வீணை வருதே, அது யாரு?"

"அதுவா." சிரித்தார். "லாஸ்ட்ல ஏழு நிமிசம் காலியா கீது. அவனுங்க கத்திக்கினே இருந்துட்டு டபக்குனு நிறுத்திட்டானுங்க. நாளு கெழமைல வூட்ல ஓடற டேப்பு, அப்டியே வுட்டா நல்லாவா கீது? நீ வேற மைலாப்பூர்னு சொன்னியா, அதான் மங்களமா முடிச்சி வுட்டேன். லஸ் கார்னராண்ட ஒரு கல்யாணத்துல எடுத்தது. வீடியோகாரரு காப்பி குடுத்து வெச்சிருந்தாரு."

"எல்லாருக்கும் இப்படிப் போடுவீங்களா?" என்று சிநேகிதி கேட்டாள்.

"கேக்கற ஆளைப் பாத்துப் போடுவேன். உனக்கு இன்னா வோணும் சொல்லு, முருகர் பாட்டு கீது."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை அக்கறையாகச் செய்தவரை என்னவென்று திட்டுவது? குனிந்து வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சிநேகிதி என் பையை வாங்கிக்கொண்டாள்.

"உங்கப்பாட்ட சொல்லிடு," என்றாள். "அங்க போய் எல்லார் முன்னாடியும் தெரிஞ்சா என்னாகும்?"

எனக்கு அது தெரிந்தே இருந்தது. சொல்லாவிட்டால் பன்னிரண்டு பேர் நடுவில் அப்பா தலைகுனிவார். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வீணைக்காகத்தானே அவர் வந்து உட்கார்ந்தார்? வீணை இல்லையென்றால் அவருக்கு அங்கே என்ன வேலை? எனக்கு அந்த ஆல்பம்கூடப் பெரிதில்லை. அந்த ஒரு மணி நேரம் வேண்டும், அப்பா பக்கத்தில் உட்காரவேண்டும், அவ்வளவுதான். வெள்ளி முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தேன். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்து, ஜுரம் இல்லையே என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சட்டையில் தெளித்த தண்ணீர் சூடாகிற வாசனை. பேச்சுக்கு எழுதிய தாள்கள் மேஜை மேல் இருந்தன.

"அப்பா, இன்னிக்கு அதைப் பேச வேண்டாம்ப்பா."

"ஏன்?"

"அந்த வீணை அவா வாசிச்சது இல்லை. கேசட்ல இடம் மிச்சம் இருக்குன்னு கடைக்காரர் சேர்த்துட்டார். லஸ்ல ஏதோ கல்யாணத்துல எடுத்ததாம்."

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவரோரம் போய் ஸ்விட்சை அணைத்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"முந்தாநேத்து."

"அதுக்கு முன்னாடி?"

"தெரியாதுப்பா. சத்தியமாத் தெரியாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பாடா," என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. நடந்து நடந்து அலுத்தவர் உட்கார இடம் கிடைத்ததும் விடுகிற மூச்சு அது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"கடைசியில கிணுங் கிணுங்னு ஒரு சத்தம் வருமே, அதை நான் ஜால்ரான்னு நெனச்சுண்டிருந்தேன்," என்றார். "பேசணுமேன்னு பத்து நாள் முன்னாடி காதை ஒட்டி வெச்சுக் கேட்டேன். ஜால்ரா இல்லை, பரிமாறற வாளி. ஒருத்தன் 'ரசம், ரசம்'னு சொல்லிண்டு போறான். எந்தத் தேசத்து வெள்ளைக்காரன் ரசம் ரசம்னு சொல்லுவான்?"

"பத்து நாளாவாப்பா? என்னை ஏன் கேக்கலை?"

அவர் சட்டையின் காலரைத் தடவிக்கொண்டிருந்தார். "வீணையை நீதான் பதிஞ்சுண்டு வந்திருக்கேன்னு நெனச்சேன். நான் நிறுத்தச் சொல்லாம இருக்கறதுக்காக. கேட்டா நீ ஒத்துக்கணும், இல்லே பொய் சொல்லணும். ரெண்டும் வேண்டாம்னு இருந்தேன். காரியதரிசிகிட்ட வரலைன்னு சொன்னா ஏன்னு கேப்பார். ராத்தூக்கம் போச்சு எனக்கு."

இதை நான் அப்போது முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை. ஊரார் முன்னால் அசடு வழிய நேராமல் தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில்தான் இருந்தேன். இப்போது நினைத்தால்தான் வேறொன்று உறைக்கிறது. அந்தப் பத்து நாளுக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. என்னைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டே அன்றும் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மகளை இப்படித் தப்பாக எடைபோட்டாரே என்று எனக்கு வருத்தமில்லை. தப்பாக எடைபோட்டும் வந்தாரே என்றுதான் இருக்கிறது.

"நீயும் கிளம்பு," என்றார். "கேசட்டைத் திருப்பிப் போட ஆள் வேணும்."

மாடி ஹாலில் அப்பா எழுந்து நின்றார். தாள்களை எடுக்கவேயில்லை. கறுப்பு நாற்காலி, மாடிப்படிக் கடை, லஸ் கல்யாணம், ரச வாளி எல்லாவற்றையும் நடந்தபடியே சொன்னார். என்னைச் சந்தேகப்பட்டதை மட்டும் சொல்லவில்லை. முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு காரியதரிசி ஆரம்பித்தார், அவருக்கு இருமல் வந்து தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று. சிரிப்பு அடங்கியதும் அப்பா, "மங்களம் அவனோடது இல்லை. ஆனா இது அவனோடதுதான்," என்று சொல்லி, அஞ்சாவது பாட்டைப் போடச் சொன்னார்.

காது மெஷின் வைத்திருந்த ஒருவர் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மற்ற பதினோரு பேரும் தொடையில் தட்டினார்கள். தப்பினார்கள், அப்பா வாயால் எண்ணிக் கொடுத்தார், மறுபடி பிடித்தார்கள். ஏழு நிமிடப் பாட்டு. கடைசியில் எல்லாக் கையும் தாளம் தொடங்குகிற இடமான சமத்தில் ஒன்றாக வந்து விழுந்தது.

"ஓய், சமத்துக்குச் சரியா வந்துட்டான் பாருங்கோ," என்றார் காரியதரிசி. "பையன் யாரு, எந்த ஊர்?"

யாருக்கும் தெரியவில்லை. சுண்டல் வந்தது.

வீடு திரும்பும்போது அப்பா வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு நிம்மதி. எனக்குப் பாதி நிம்மதிதான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வருவாரா என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்தேன். அவர் பத்து நாள் கேட்காமல் இருந்தது எப்படி என்று அந்த இருபது நிமிட நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் நாலு மணிக்கு நான் சிநேகிதியின் சிங்கப்பூர்க் கேசட்டை எடுத்து வைத்தேன். ஏமாற்று எதுவும் இல்லாத கேசட், எட்டுப் பாட்டு மட்டும். அவர் வராவிட்டால் நான் தனியாகவாவது முழுசாகக் கேட்பதென்று நினைத்துக்கொண்டேன். நாலு அடித்து ஐந்து நிமிடம் ஆயிற்று. அம்மா மிக்ஸியைக் கழுவி வைத்தாள். நாலு பத்துக்கு அப்பா வந்தார். சட்டை நேற்றைய கசங்கலோடு இருந்தது. "ஆரம்பிக்கலையா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

கேட்டோம். நாலாவது பாட்டில் டிரம்ஸ் வந்தபோது அம்மாவும் வந்து வாசற்படியில் நின்றாள். அஞ்சாவதில் நானும் அப்பாவும் சேர்ந்து தட்டினோம். எட்டாவது பாட்டு ஏறி ஏறிப் போய், வெட்டி நின்றது. நான் அவரைப் பார்க்காமல் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை.

"இவன் மங்களம் வாசிக்கலையே," என்றார். "எப்போ எழுந்துக்கறதுன்னு எப்படித் தெரியும்?"

"நாடா தீர்ந்துபோனா பட்டன் தானா எழும்பும்ப்பா."

"அது எவ்ளோ நேரம் ஆகும்?"

"மூணு நிமிஷம் இருக்கும்."

"சரி," என்று நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு, அப்பா அதையும் முழுசாகக் கேட்டார்.